பெல்லட் அடுப்பு மங்கி எரிகிறதா? அறிகுறியிலிருந்து குறையைக் கண்டறியும் வழிமுறை

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர், மேய்ன் மாநிலங்களில் எரிவாயுக் குழாய் எட்டாத ஊர்கள் மிகுதி. குளிர்காலத்தைக் கடக்க அங்குள்ள வீடுகளில் பல எண்ணெயையே நம்பியிருக்கின்றன. எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் பெல்லட் அடுப்பின் பக்கம் பலர் திரும்புகிறார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த, சுண்டுவிரலைவிட மெலிந்த குச்சிகளைத் தானே ஊட்டிக்கொண்டு எரியும் கணப்பு இது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1980களில் அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் வீட்டுப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று இத்தாலியிலும் பிரான்ஸிலும்கூட இது பரவலாகப் புழங்குகிறது.

புதிதாக வாங்கிய குளிர்காலத்தில் இது அழகாக எரியும். அடுத்த ஆண்டு கண்ணாடி கறுக்கத் தொடங்கும், சுடர் மங்கும், நடு இரவில் அணைந்து பிழைக்குறி காட்டும். உடனே பெல்லட்டைப் பற்றவைக்கும் இக்னைட்டர், மோட்டார், மின்னணுப் பலகை என்று ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குகிறார்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: காசு கொடுத்து எந்த உதிரிப்பாகத்தையும் வாங்குவதற்கு முன், காற்று நுழையும் துளையிலிருந்து புகை வெளியேறும் முனை வரை முழுப் பாதையையும் சுத்தம் செய்யுங்கள். மங்கி எரியும் பெல்லட் அடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது அது மட்டும்தான்.

காற்று போகும் பாதை

பாதையைத் தெரிந்துகொண்டால் பாதிக் குறைகளை நீங்களே யூகித்துவிடலாம். விறகடுப்பில் தீ மங்கினால் ஊதாங்குழலால் முன்னிருந்து ஊதுகிறோம். பெல்லட் அடுப்பில் அந்த வேலையை ஒரு விசிறி பின்னிருந்து உறிஞ்சிச் செய்கிறது. அதைப் புகை விசிறி என்று சொல்லிக்கொள்வோம். அது புகையை வெளியே தள்ளும்போது தீயறைக்குள் காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப வெளிக்காற்று உள்ளிழுப்புக் குழாய் வழியாக வந்து, பெல்லட் எரியும் சிறு இரும்புக் கிண்ணத்தின் துளைகள் வழியே மேலேறுகிறது. எரிகிண்ணத்தின் அந்தத் துளைகள்தாம் தீயின் உயிர்நாடி. சூடான புகை அங்கிருந்து வெப்பமாற்றிக் குழாய்களைத் தழுவி, தீயறைச் சுவருக்குப் பின்னால் இறங்கி, சாம்பல் படியும் இரண்டு மூன்று மறைவறைகளைக் கடந்து, புகை விசிறியை அடைந்து, சுவரைத் துளைத்துச் செல்லும் 3 அல்லது 4 அங்குலக் குழாய் வழியாக வெளியேறுகிறது.

இன்னொரு விசிறியும் உண்டு. அது அறைக் காற்றை வெப்பமாற்றியின் வழியாக ஊதி, சூடாக்கி அறைக்குள் அனுப்புகிறது. தீக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான விசிறியைக் கழற்றுபவர்கள் நிறைய.

கை வைப்பதற்கு முன்

அடுப்பை அதன் பொத்தானால் நிறுத்தி, தானாக ஆறி ஓயும் வரை விடுங்கள். பிறகு மின்செருகியைப் பிடுங்குங்கள். உள்ளே கை வைக்கப் பல மணி நேரம் காத்திருப்பது நல்லது. நீறு பூத்த நெருப்பு என்று சொல்வதை இங்கே எழுத்துக்கு எழுத்து நம்புங்கள்: பார்வைக்குச் செத்துப்போன சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். சாம்பலை இறுக மூடும் உலோக வாளியில் மட்டும் அள்ளுங்கள். அந்த வாளியை மரத்தரையிலோ முற்றத்து மரத்தளத்திலோ வைக்காதீர்கள். வீடு பெருக்கும் சாதாரண வாக்குவம் கிளீனரை எடுக்கவே வேண்டாம். மறைந்திருக்கும் ஒரு கங்கு அதன் பையைப் பற்றவைத்துவிடும். அப்படி நடக்காவிட்டாலும், மாவைவிட நுண்ணிய சாம்பல் அதன் வடிகட்டியைத் தாண்டி வீடெங்கும் பரவும். உலோகத் தொட்டியும் நுண்வடிகட்டியும் உள்ள சாம்பல் வாக்குவம் தனியாகவே கிடைக்கிறது.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத வீட்டில் இந்த அடுப்பை எரிக்கக் கூடாது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுப்பு மங்கி எரியும் நாட்களில்தான் அது அதிகம் உண்டாகிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: சுடர் உயர்ந்து அலைபாய்கிறது, நுனி புகைகிறது, கண்ணாடி கறுக்கிறது

அடிக்கடி காணும் குறை இதுதான். நன்றாக எரியும் பெல்லட் தீ குட்டையாக, வெண்மஞ்சளாக, துடிப்பாக இருக்கும். கிண்ணத்திலிருந்து சிறு பொறிகள் துள்ளும். காற்றுப் போதாத தீ ஆரஞ்சு நிறத்தில் நீண்டு, நிதானமாக ஆடி, நுனியில் கரும்புகை கக்கும். கண்ணாடியையும் பாருங்கள். ஓரிரு நாளில் வெளிர்ச் சாம்பல் அல்லது இளம்பழுப்புப் படலம் படிவது இயல்பு. சில மணி நேரத்திலேயே கருமை ஏறினால் தீ மூச்சுத் திணறுகிறது.

எரிகிண்ணத்திலிருந்து தொடங்குங்கள். கிண்ணத்தை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எல்லாத் துளைகள் வழியாகவும் வெளிச்சம் தெரிய வேண்டும். அடைந்திருப்பவற்றைத் துளைக்குப் பொருந்தும் ஆணியாலோ கம்பியாலோ குத்தித் திறங்கள். துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள், அதன் அளவை வைத்துத்தான் காற்றின் வேகம் கணக்கிடப்பட்டிருக்கிறது. கிண்ணம் அமரும் இடத்திலும் சாம்பலைத் துடைத்தெடுங்கள். அடியில் சிறிது சாம்பல் இருந்தாலே கிண்ணம் சரிவர உட்காராது. காற்று துளைகளுக்குள் போகாமல் பக்கவாட்டு இடுக்கில் நழுவிவிடும். பலர் துளைகளைப் பளபளவென்று சுத்தம் செய்துவிட்டு இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

அடுத்தது கதவு. பணத்தாள் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். கதவைச் சுற்றிப் பல இடங்களில், குறிப்பாகக் கீல் பக்கமும் கீழ் மூலைகளிலும் சோதியுங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால், கதவோரத்தில் காற்று புகாமல் அடைக்கும் கயிறு போன்ற கேஸ்கட் தேய்ந்துவிட்டது. அந்த இடுக்கில் நுழையும் காற்று எரிகிண்ணத்தைத் தொடாமல் நேரே புகைக்குழாய்க்குப் போய்விடும். விசிறி உரிய வேகத்தில் சுழன்றாலும் தீ பட்டினி கிடக்கும். சாம்பல் தட்டின் கதவுக்கும் இதே சோதனை பொருந்தும். புதிய கேஸ்கட் ஒட்டும்போது அதை இழுத்து நீட்டாதீர்கள். நீண்டால் மெலியும், மெலிந்தால் மீண்டும் கசியும். பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்து, உயர்வெப்பம் தாங்கும் பசையால் தளர்வாகப் படியவைத்து ஒட்டுங்கள்.

கிண்ணமும் கதவும் சரியாக இருந்தால் சாம்பல் உள்ளே இருக்கிறது. தீயறையின் பின்சுவரில் செங்கல் போலத் தோன்றும் பலகை இருக்கும். பெரும்பாலான மாதிரிகளில் அதை ஓரிரு திருகாணி அல்லது கொக்கியால் பிடிக்கவைத்திருப்பார்கள். அதைக் கழற்றினால் பின்னால் உள்ள மறைவறைகள் தெரியும். ஒரு முழுக் குளிர்காலம் தொடப்படாத அடுப்பில் அங்கே சாம்பல் கைப்பிடி கைப்பிடியாக வரும். தீயறையின் உலோகச் சுவரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். மேலே ஒட்டிக்கொண்டிருப்பதும் உதிர்ந்து இறங்கும். ஆனால் பலகையின் மேல் தட்டாதீர்கள். அது பீங்கான் நாரால் ஆனதாக இருந்தால் விரிசல் விட்டுவிடும்.

பிறகு புகை விசிறி. சாம்பலும் கரியும் அதன் இறக்கைகளில் அப்பிக்கொண்டால் சுழற்சி குறையாமலே உறிஞ்சும் திறன் குறைந்துவிடும். விசிறியைக் கழற்றினால், அது அமரும் இடத்தில் ஒரு தட்டையான கேஸ்கட் இருக்கும். பழையதைக் கிழித்துவிட்டு அப்படியே திரும்பப் பூட்டினால் புகை வீட்டுக்குள் கசியும், ஆகவே புதிய கேஸ்கட் கையில் இருந்தால் மட்டும் கழற்றுங்கள். இறக்கைகளை மென்மையான தூரிகையால் துலக்குங்கள். வளைந்தால் சமநிலை கெட்டு அதிரும்.

கடைசியாக வெளியே போங்கள். புகைக்குழாயின் முனையில் உள்ள வலையில் கரி அடைத்திருக்கலாம். காற்று உள்ளிழுக்கும் முனையில் பறவைக்கூடோ சருகோ பனிக்குவியலோ இருக்கலாம். பனி நிறைய விழும் ஊர்களில் தரையை ஒட்டி அமைந்த உள்ளிழுப்புக் குழாய் ஒரே இரவில் மூடிப்போகும். குழாய் மேல்நோக்கித் திரும்பும் இடத்தில் ‘டி’ (T) வடிவ இணைப்பும் அதன் அடியில் ஒரு மூடியும் இருக்கும். மூடியைக் கழற்றிக் கீழே தேங்கிய சாம்பலைக் கொட்டுங்கள். குழாயின் அளவுக்கு ஏற்ற தூரிகையை இரு முனைகளிலிருந்தும் ஓட்டுங்கள்.

இவ்வளவும் செய்தும் தீ மாறவில்லையா? அடுப்பு எரியும்போது அருகில் உள்ள சாளரத்தை விரலளவு திறந்து பாருங்கள். சில நிமிடங்களில் சுடர் வெளுத்துத் துடிப்பானால், குறை அடுப்பில் இல்லை, வீட்டில் இருக்கிறது. இடுக்கின்றிக் கட்டிய வீடுகளில் சமையலறைப் புகைபோக்கி விசிறியும் துணி உலர்த்தியும் ஓடும்போது வீட்டுக்குள் காற்று குறைகிறது. வெளியிலிருந்து அடுப்புக்கே நேரடியாகக் காற்று கொண்டுவரும் குழாயை அமைப்பதே நிலையான தீர்வு.

இவற்றையெல்லாம் முடித்த பிறகே, உள்ளே வரும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் காற்றுத் தகட்டையும் பெல்லட் ஊட்டும் அளவையும் தொடுங்கள். அழுக்கு அடுப்பில் தகட்டைத் திறந்து சமாளித்தால், சுத்தம் செய்த மறுநாள் காற்று மிகுந்து, எரியாத பெல்லட் கிண்ணத்திலிருந்து வெளியே பறக்கும்.

அறிகுறி: கிண்ணத்தின் அடியில் கல் போன்ற கட்டி

சாம்பல் உருகி, குளிர்ந்து, இரும்புக் கிட்டம் போல இறுகிவிடும். காலையில் கிண்ணத்தைச் சுரண்டும்போது கண்ணாடித் தன்மையுள்ள கட்டியாக அது பெயர்ந்து வரும். ஓரிரு சிறு கட்டிகளைப் பொருட்படுத்த வேண்டாம். தினமும் கிண்ணத்தின் அடி முழுவதையும் மூடினால் பெல்லட்டைச் சந்தேகியுங்கள்.

மரத்தூளில் மண்ணும் மணலும் கலந்திருந்தால், அல்லது பட்டை மிகுதியாக இருந்தால், சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே உருகத் தொடங்கும். அமெரிக்காவில் பெல்லட் எரிபொருள் நிறுவனம் (Pellet Fuels Institute) என்ற தொழில் அமைப்பின் தர வரையறையில் பிரீமியம் வகைக்குச் சாம்பல் 1 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. ஸ்டாண்டர்ட் வகைக்கு 2 விழுக்காடு வரை அனுமதி. ஐரோப்பாவில் ஏ1 தரத்துக்கு வரம்பு 0.7 விழுக்காடு. இந்தச் சிறிய எண்களை அலட்சியம் செய்யாதீர்கள். 40 பவுண்டு மூட்டைகள் 50 சேர்ந்தால் ஒரு அமெரிக்க டன். 1 விழுக்காடு என்றால் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 9 கிலோ சாம்பல். 2 விழுக்காடு என்றால் 18 கிலோ. அத்தனையும் அந்தச் சிறு கிண்ணத்தின் வழியாகவும் விசிறியின் வழியாகவும்தான் போயாக வேண்டும். மலிவு மூட்டையில் மிச்சமான பணம் சுத்தம் செய்யும் நேரமாகத் திரும்பிவிடுகிறது என்பது என் கருத்து.

மூட்டையை வாங்கும்போதே சோதிக்கலாம். நல்ல பெல்லட்டின் மேற்பரப்பு மினுமினுக்கும். ஒடித்தால் ‘டக்’ என்று முறியும். மூட்டையின் அடியில் தூளும் குருணையும் நிறைய இருந்தால் அது அடிபட்டது அல்லது சரியாக அழுத்தப்படாதது. ஒரே மூட்டையை நம்பி டன் கணக்கில் வாங்காமல், சில மூட்டைகளை எரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆனால் நினைவிருக்கட்டும், அடைபட்ட துளைகளும் கிட்டத்தை உண்டாக்கும். காற்றோட்டம் குறைந்தால் சாம்பல் மேலே பறந்து போகாமல் கங்கின் நடுவிலேயே தங்கி வெந்து உருகுகிறது. ஆகவே பெல்லட்டைப் பழிப்பதற்கு முன் முந்தைய பகுதியில் சொன்ன சுத்தத்தை முடித்திருக்க வேண்டும்.

அறிகுறி: பற்றவே இல்லை, பெல்லட் கிண்ணத்தில் குவிந்திருக்கிறது

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. முதல் முயற்சி தோற்றதும் பலர் பொத்தானை மீண்டும் அழுத்துகிறார்கள். அடுப்பு இன்னொரு கைப்பிடிப் பெல்லட்டைக் கொட்டும். இக்னைட்டர் அந்தக் குவியலைக் கனியவைக்கும். தீயறை முழுவதும் அடர்ந்த வெண்புகை நிறையும். அந்தப் புகை எரியக்கூடியது. சட்டென்று சுடர் பிடித்தால் மொத்தப் புகையும் ஒரே நொடியில் பற்றி, கதவை அதிரவைக்கும், கண்ணாடியையும் உடைக்கலாம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், அடுப்பு ஆறியதும், கிண்ணத்தைக் காலி செய்துவிட்டே அடுத்த முயற்சி. தீயறை புகையால் நிறைந்திருப்பதைக் கண்டால் கதவைத் திறக்காதீர்கள். விசிறி அதை வெளியேற்றட்டும். காலி செய்த பெல்லட்டை, பெல்லட் நிரப்பி வைக்கும் தொட்டியில் மறுபடி போடாதீர்கள். அதில் ஒரு கங்கு இருந்தால் மொத்தத் தொட்டியும் பற்றும். பெட்ரோல், மண்ணெண்ணெய், சாராயம் எதையும் ஊற்றிப் பற்றவைக்கக் கூடாது.

இனி காரணத்துக்கு வருவோம். இக்னைட்டர் ஒரு குச்சி போன்ற மின்சூடேற்றி. பெரும்பாலான அடுப்புகளில் அது பெல்லட்டை நேரடியாகத் தொடுவதில்லை. தன்னைச் சுற்றியுள்ள சிறு குழல் வழியே வரும் காற்றைச் சூடாக்கிக் கிண்ணத்துக்குள் அனுப்புகிறது. அந்தக் குழலிலும் அதற்கு நேரே உள்ள துளையிலும் சாம்பல் அடைந்தால், உயிருள்ள இக்னைட்டரும் செத்தது போலத் தோன்றும். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

பிறகும் பற்றாவிட்டால், மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, இக்னைட்டரின் இரு கம்பிகளையும் கழற்றி மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கலாம். 120 வோல்ட்டில் இயங்கும் 300 வாட் இக்னைட்டர் 48 ஓம் அளவில் காட்ட வேண்டும். 230 வோல்ட் நாடுகளில் அதே வாட்டுக்கு 176 ஓம் அளவு. கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. மீட்டர் எதையுமே காட்டாமல் திறந்த சுற்று என்றால் உள்கம்பி அறுந்துவிட்டது. அப்போது மட்டும் புதியது வாங்குங்கள்.

ஈரம் ஏறிய பெல்லட்டும் பற்றாது. ஒரு பெல்லட்டைத் தண்ணீர்க் கோப்பையில் போட்டுப் பாருங்கள்: சில நிமிடங்களில் ஊதிப் பெருத்துத் தூளாகிவிடும். ஈரம் படும் கொட்டகையில், தரையில் நேரடியாக அடுக்கிய மூட்டைகளுக்கும் மெல்ல மெல்ல இதுதான் நடக்கிறது. மரத் தட்டின் மேல், உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

அறிகுறி: பற்றுகிறது, சில நிமிடங்களில் தானாக அணைகிறது

தீ இருக்கிறதா, புகை சரியாகப் போகிறதா என்று அடுப்பு இரண்டு இடங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒன்று, புகைப் பாதையில் உள்ள வெப்ப உணரி. அதன் மேல் சாம்பல் போர்த்திக்கொண்டால் வெப்பம் தாமதமாக எட்டும். தீ எரிந்துகொண்டிருக்கும்போதே ‘தீ இல்லை’ என்று முடிவு செய்து அடுப்பு பெல்லட்டை நிறுத்திவிடும். மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

மற்றது அழுத்த ஸ்விட்ச். அதிலிருந்து ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாய் தீயறைக்கோ புகைப் பாதைக்கோ போகும். உறிஞ்சல் போதாதபோது ஸ்விட்ச் மின்னோட்டத்தைத் துண்டித்து, பெல்லட் ஊட்டும் மோட்டார் நின்றுவிடும். குழாயின் மறுமுனை செருகியிருக்கும் சிறு உலோக மூக்கு சாம்பலால் அடைபடுவது மிகச் சாதாரணம். குழாயை ஸ்விட்சிலிருந்து கழற்றி, அடுப்பை நோக்கி ஊதுங்கள். ஸ்விட்சை நோக்கி ஒருபோதும் ஊதாதீர்கள். அதன் உள்சவ்வு கிழியும். குழாய் வெடித்திருக்கிறதா, எங்காவது மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிலர் இந்த ஸ்விட்சின் இரண்டு கம்பிகளையும் முறுக்கி இணைத்து, அதை இல்லாமலே செய்துவிடுகிறார்கள். அடுப்பு ஓடும். ஆனால் புகைக்குழாய் அடைபட்ட இரவில் அதை நிறுத்த எதுவும் இருக்காது. இதைச் செய்யாதீர்கள், செய்ய வரும் ஆளையும் அனுமதிக்காதீர்கள். அழுத்த ஸ்விட்ச் அடுப்பை அணைத்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொண்டு, சுடர் அலைபாயும் அறிகுறிக்குச் சொன்ன முழுச் சுத்தத்தையும் செய்யுங்கள்.

அறிகுறி: தீ குறைந்துகொண்டே வருகிறது, பெல்லட் விழவில்லை

முதலில் தொட்டிக்குள் பாருங்கள். சில நேரம் பெல்லட் நடுவில் குழி விழுந்து, சுற்றிலும் சுவர் போல நின்றுவிடும். மேலே நிறைய இருக்க, அடியில் ஒன்றும் இராது. கையால் கிளறிவிட்டால் சரியாகும். தொட்டி மூடி சரியாக மூடாவிட்டால் பல மாதிரிகளில் ஊட்டல் நின்றுவிடும்.

மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் பெல்லட் வரவில்லை என்றால், அல்லது பெல்லட்டைத் தொட்டியிலிருந்து தள்ளித்தரும் திருகுத்தண்டு முக்கி முனகினால், தூள் இறுகி அடைத்திருக்கிறது. தொட்டியில் மிச்சமாகும் தூள் வாரந்தோறும் அடியில் சேரும். புதிய மூட்டையை அதன் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் திருகின் இழைகளுக்குள் களிமண் போல அழுந்திவிடும். தொட்டியைக் காலி செய்து, செருகியைப் பிடுங்கி, அடிப்பகுதியை வாக்குவத்தால் உறிஞ்சுங்கள். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீண்ட பெல்லட் குறுக்காக மாட்டியிருந்தாலும் இதே நிலைதான். மோட்டாரே ஓசையின்றி நின்றுவிட்டால், அதை மாற்றுவதற்கு முன் மேலே சொன்ன அழுத்த ஸ்விட்சையும், அதிவெப்பத்தால் துண்டிக்கும் ஸ்விட்சையும் பாருங்கள். அதிவெப்ப ஸ்விட்சில் சிறு பொத்தான் இருந்தால் அதை அழுத்தி மீட்கலாம். மீண்டும் மீண்டும் துண்டித்தால் அறைக்குக் காற்று ஊதும் விசிறி திணறுகிறது.

அறிகுறி: தீ அருமை, அறை மட்டும் சூடாகவில்லை

வெப்பமாற்றிக் குழாய்களின் மேல் பறக்கும் சாம்பல் போர்வை போலப் படிந்திருக்கிறது. வெப்பம் அறைக்கு வராமல் புகைக்குழாய் வழியாகப் போகிறது. குழாய்களைச் சுரண்டும் இழுகம்பி உங்கள் அடுப்பில் இருந்தால், அடுப்பு ஆறியிருக்கும்போது தினமும் சில முறை இழுத்துத் தள்ளுங்கள், இல்லையென்றால் தூரிகை. அறை விசிறியின் பின்பக்கத்தில் தூசியும் நாய் பூனை முடியும் சேர்ந்திருக்கும். அதையும் உறிஞ்சி எடுங்கள்.

அறிகுறி: வீட்டுக்குள் புகை வாசம்

பற்றும்போது மட்டும் மெல்லிய வாசம் வந்தால் புகைக்குழாயின் இணைப்புகளைப் பாருங்கள். அங்கே உயர்வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பசை விட்டுப்போயிருக்கலாம். இருட்டில் கைவிளக்கை அடித்துப் பார்த்தால் பற்றும் நேரத்தில் புகை கசியும் இணைப்பு தெரிந்துவிடும்.

எரியும்போதும் வாசம் நிற்காவிட்டால், அல்லது பெல்லட் தொட்டியிலிருந்து புகை எழும்பினால், உடனே நிறுத்துங்கள். கிண்ணம் நிரம்பி வழிந்து, பெல்லட் வரும் சரிவுக்குழல் வரை தீ ஏறியிருக்கலாம். இந்த நேரத்தில் பதற்றத்தில் மின்செருகியைப் பிடுங்காதீர்கள். புகையை வெளியே இழுத்துக்கொண்டிருப்பது அந்த விசிறிதான். பொத்தானால் அணையுங்கள், தொட்டி மூடியைத் திறக்காதீர்கள், சாளரங்களைத் திறந்து வையுங்கள். எச்சரிக்கைக் கருவி ஒலித்தாலோ தொட்டியில் தீ தெரிந்தாலோ எல்லோரும் வெளியேறி, தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். மின்வெட்டின்போது சிறிது புகை உள்ளே வருவதும் விசிறி நிற்பதால்தான். மின்வெட்டு மிகுந்த ஊர்களில் புகைக்குழாயைச் சில அடிகள் செங்குத்தாக ஏற்றி அமைப்பது இதற்கு உதவும். சூடான புகை, விசிறி இல்லாமலும் மேலேறும்.

ஓசைகளைப் பற்றிச் சுருக்கமாக: கீச்சிடும் ஒலி விசிறியின் பேரிங், கடகட அதிர்வு இறக்கையில் ஒருபக்கமாக அப்பிய சாம்பல், விட்டுவிட்டு வரும் முனகல் திருகுத்தண்டில் தூள்.

எதை எப்போது சுத்தம் செய்வது

எரிகிண்ணத்தைத் தினமும் சுரண்டுங்கள். ஓரிரு நிமிட வேலை. வாரத்துக்கு ஒருமுறை சாம்பல் தட்டைக் காலி செய்து, தீயறையை உறிஞ்சி, கண்ணாடியைத் துடையுங்கள். கண்ணாடிக்கு விலையுயர்ந்த திரவம் தேவையில்லை. ஈரச் செய்தித்தாளை அதே அடுப்பின் நுண்சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் கரி கழன்றுவிடும்; கண்ணாடி நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு டன் எரிந்ததும் பின்பலகையைக் கழற்றி மறைவறைகளைச் சுத்தம் செய்யுங்கள். மலிவுப் பெல்லட் என்றால் அதில் பாதியிலேயே தேவைப்படும்.

முழுப் பாதையையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்ய, இலை ஊதும் இயந்திரத்தின் உறிஞ்சும் முனையை வெளிப் புகைக்குழாயில் பொருத்தி இழுப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நல்ல பலன் தரும் முறைதான், இரண்டு நிபந்தனைகளோடு. அடுப்பு குறைந்தது ஒரு முழு நாள் அணைந்து கிடந்திருக்க வேண்டும். ஒரு கங்கு போதும், இயந்திரமே பற்றிக்கொள்ளும். அழுத்த ஸ்விட்சின் குழாயை முன்கூட்டியே கழற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த உறிஞ்சலில் உள்சவ்வு கிழியும். முகக்கவசம் அணியுங்கள், அண்டை வீட்டார் துணி காயப்போட்டிருக்கும் பக்கம் சாம்பல் மேகத்தை விடாதீர்கள்.

பருவம் முடிந்ததும் செய்யும் சுத்தத்தை அடுத்த இலையுதிர்காலம் வரை தள்ளிப்போடுபவர்கள்தாம் அதிகம். தள்ளிப்போடாதீர்கள். சாம்பல் கோடையின் ஈரத்தை உறிஞ்சித் தகட்டையும் விசிறி உறையையும் அரிக்கும். தொட்டியில் விட்ட பெல்லட் ஊதித் திருகுத்தண்டை இறுக்கும். கடைசித் தீ அணைந்த வாரத்திலேயே தொட்டியைக் காலி செய்து, மறைவறை, விசிறி, புகைக்குழாய் மூன்றையும் முடித்து, காகிதத்தை வைத்துக் கதவைச் சோதித்துவிடுங்கள். தேவைப்படும் கேஸ்கட்டை அப்போதே கேட்டு வாங்கலாம். பழுதுபார்ப்பவருக்கும் அந்த மாதங்களில்தான் நேரம் இருக்கும். புகைக்குழாயை ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சி பெற்றவர் பார்வையிட வேண்டும் என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிமுறை. நீங்களே சுத்தம் செய்தாலும் அந்தப் பார்வையிடலைத் தவிர்க்காதீர்கள். முடித்ததும் மின்செருகியைப் பிடுங்கி, வெளிக் குழாய் முனையைப் பறவை நுழையாதபடி துணியால் அடைத்து, அடைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதி அடுப்பின் பொத்தான் மேலேயே ஒட்டிவையுங்கள்.